சொல்லாமல் விட்ட வசனம்

புஷ்பராணியின் பிரெஞ்சு, மூன்று வயதுப் பிள்ளைகளிடம் படித்த பிரெஞ்சு. அவர்கள் குடியேறியிருந்த பிரெஞ்சு பேசும் நகரத்தில், வில்லரே என்ற பகுதியில், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஒரு கார்டரியில் அவள் பல வருடமாக வேலை செய்தாள். 'கையைக் கழுவு', 'தள்ளாதே', 'எங்கே நோகுது' எல்லாம் தடங்கலில்லாமல் வரும். கணவன் உருத்திரமூர்த்திக்கு அதுவும் இல்லை. சென்ட் லோரன்டில் விமான உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையொன்றில் அவர் வெல்டர். உலோகங்களின் பெயரும் கருவிகளின் பெயரும்தான் அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு. வீட்டுக்கு வரும் தொலைபேசி, பாங்க், பாடசாலைக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவளே முன்னுக்கு நிற்பாள். அவளுக்கு அதில் ஒரு சின்னப் பெருமையும் உண்டு.

2007ஆம் ஆண்டு ஜூலைக் கடைசியில் ஒருநாள், முகக்கவசத்தைப் போட்டபடியே உருத்திரமூர்த்தி வேலை மேசைக்குப் பக்கத்தில் விழுந்தார். அதற்கு முதல் இரண்டு கிழமையாக மாடிப்படி ஏறக் களைக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்தான். வெக்கை என்று இருவரும் நினைத்தார்கள்.

புஷ்பராணி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நினைவு திரும்பியிருந்தது. அவளைக் கண்டதும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரத்தில் திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு மேடுபள்ளம் இல்லாமல் நேராகப் போனது. கண் மேலே செருகியது. தாதிமார் அவளை விலக்கிவிட்டு ஓடிவந்தார்கள். கோடு திரும்ப அசைந்ததை அவள் கதவுக்கு வெளியே நின்றுதான் பார்த்தாள்.

இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் செய்தி வழியில் அடைபட்டுவிட்டது என்று இருதய வைத்தியர் வின்சன்ட் விளக்கினார். கழுத்து நாளம் வழியாக ஒரு வயரை இதயத்துக்குள் விட்டு, வெளியே ஒரு சின்னப் பெட்டியோடு இணைத்தார்கள். இப்போதைக்கு அந்தப் பெட்டிதான் இதயத்தை அடிக்க வைக்கிறது. அடுத்த நாள் காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள் நிரந்தரமாக ஒரு பேஸ்மேக்கர் வைக்கவேண்டும். அது வைத்தால் வெல்டிங் செய்வது நல்லதல்ல, மின்சாரம் அதைக் குழப்பும் என்றும் சொன்னார். அண்மையில் வெளிநாடு போனாரா என்று கேட்டார். புஷ்பராணி கேட்டுச் சொன்னாள். இல்லை என்றார் உருத்திரமூர்த்தி.

அடுத்த நாள் காலை தொற்றுநோய் வைத்தியர் ஒருவர் வந்தார். செலீன் என்று பெயர், இளவயதுப் பெண். நாற்பத்து நாலு வயதில், வேறு வருத்தம் எதுவும் இல்லாத ஆளுக்கு இது ஏன் வரவேண்டும் என்பதுதான் அவருடைய கேள்வி. போர்வையை விலக்கிக் கால்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோலில் ஏதும் தடிப்பு வந்ததா என்று கேட்டார்.

புஷ்பராணிக்கு நினைவு வந்தது. ஜூன் முடிவில் கணவனின் முழங்காலுக்குப் பின்னால் வட்டமாக ஒன்று படர்ந்திருந்தது. படர்தாமரை என்று நினைத்து மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசினாள். பேந்து மறைந்துவிட்டது. அதற்கு முதல் எங்கே போனீர்கள் என்று செலீன் கேட்டார். எல்லைக்கு அந்தப்பக்கம், கனெக்டிகட்டில் தம்பி இரவிச்சந்திரன் புதுவீடு வாங்கியிருந்தான், பின்வளவில் பற்றை வெட்டிக் கொடுக்கப் போனோம் என்றாள்.

வெளிநாடு போகவில்லை என்றீர்களே என்று செலீன் திகைத்தார். வெளிநாடு என்றால் விமானம் ஏறிப் போவது என்றுதான் இருவருமே நினைத்திருந்தார்கள். காலையில் காரில் வெளிக்கிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரும் இடத்தை யார் அப்படிச் சொல்வார்கள்?

செலீன் போய் வின்சன்டைக் கூட்டிவந்தார். உண்ணி கடித்து வரும் லைம் நோயாக இருக்கலாம், சிலருக்கு அது இதயத்தைத் தாக்கும் என்றார். இரத்தம் எடுத்து அனுப்பலாம். முதல் சோதனை ஒரு வடிகட்டல் மட்டும்தான், உறுதிப்படுத்தும் சோதனை தொலைவில் வினிப்பெக் ஆய்வுகூடத்தில் நடக்கவேண்டும், முடிவு வர ஒரு கிழமைக்கு மேலாகும். அதுவரை காத்திராமல் அன்டிபயோட்டிக்கை நாளம் வழியாக இன்றே ஏற்றத் தொடங்கவேண்டும். அதில் வின்சன்டுக்கும் சம்மதம். பேஸ்மேக்கர் மெஷினில்தான் இருவரும் ஒத்துப்போகவில்லை.

இந்த நகரத்தில் இப்படி ஒரு நோயாளியை நான் கண்டதில்லை, ஆனால் இந்த அடைப்பால் செத்தவர்களைக் கண்டிருக்கிறேன் என்றார் வின்சன்ட். வயர் விலகலாம், அதன்வழியே கிருமி போகலாம், கனநாள் விட்டுவைக்க முடியாது என்பது அவர் வாதம். இது லைம் என்றால் பெரும்பாலானோருக்கு ஒரு கிழமை அளவில் அடைப்புத் தானாக நீங்கிவிடும், தேவையில்லாத மெஷினை ஆயுள் முழுக்கச் சுமக்கவேண்டியதில்லை, பொறுத்துப் பார்க்கலாம் என்றார் செலீன். முடிவு நோயாளியுடையது என்று சொல்லிவிட்டு இருவரும் புஷ்பராணியைப் பார்த்தார்கள்.

அவளுக்குக் கண்ணுக்குள் நின்றது அந்த நேர்கோடு.

"மெஷின் வைக்கிறதுதான் நல்லதாம். வயர் கனநாள் இருக்கக் கூடாதாம். மருந்தும் ஏத்துவினமாம்" என்றாள்.

உருத்திரமூர்த்தி செலீன் பக்கம் பார்த்தார். பிறகு, "அந்தப் பிள்ளை இவ்வளவு நேரம் கதைச்சது. அது என்ன சொன்னது?" என்று கேட்டார்.

"அதுவும் இதைத்தான்."

"இல்லை. அது தலையாட்டேல்லை."

புஷ்பராணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வைத்தியர்கள் இருவரும் காத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு செலீன் சொன்னது முழுவதையும், ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னாள்.

"ஏன் முதல் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் வேலை போகக் கூடாதெண்டு பாப்பீங்கள். நான் உங்களைப் பாத்தனான்."

அவர் அவளைக் கோபிக்கவில்லை. பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்லச் சொன்னார். படர்தாமரையைப் பற்றி வாயே திறந்திருக்கக் கூடாது என்று அவளுக்கு அப்போது தோன்றியது. சொல்லாவிட்டால் இந்நேரம் மெஷின் வைத்து முடிந்திருக்கும், இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

மருந்து ஏறியது. ஒவ்வொரு காலையும் வின்சன்ட் வந்து பெட்டியைத் தணித்து, இதயம் தன்பாட்டில் என்ன செய்கிறது என்று பார்ப்பார். ஒவ்வொரு காலையும் அது தள்ளாடும், அவர் பெட்டியைப் பழையபடி கூட்டிவிட்டுப் போவார். முதல் சோதனையின் முடிவு வந்தது. ஆம் என்றும் இல்லை என்றும் சொல்ல முடியாத இடத்தில் நின்றது. இதை வைத்து ஒன்றும் பேச முடியாது என்று செலீனே ஒப்புக்கொண்டார்.

அன்று பின்னேரம் உருத்திரமூர்த்தி தண்ணீர்க் கோப்பையை எட்டி எடுக்கத் திரும்பினார். வயர் விலகியது. பெட்டி கத்தியது. கோப்பை நிலத்தில் விழ, அவர் முகம் சாம்பலாகிப் போனது. தாதி ஓடிவந்து அவரை இடப்பக்கம் சரித்து, பெட்டியைத் திருகிக் கூட்டினாள். சில விநாடிகளில் அவர் மூச்சை இழுத்துக் கண் திறந்தார். வின்சன்ட் வந்து வயரைச் சரிப்படுத்தினார்.

எல்லாரும் போனபின் புஷ்பராணி கதிரையில் இருந்து அழுதாள். "இனி என்னால ஏலாது" என்றாள்.

"சரி. நாளைக்கு வைக்கச் சொல்லும்" என்றார் அவர்.

காலையில் சத்திரசிகிச்சைக்குத் தயாராக்கி வைத்திருந்தார்கள். வின்சன்ட் வழக்கம்போலப் பெட்டியைத் தணித்தார். இதயம் தன்பாட்டில் அடித்தது. இடைக்கிடை ஒரு அடி தவறியது, அடுத்தது வந்தது. வின்சன்ட் கையை எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். செலீனைக் கூப்பிட்டு அனுப்பினார். பிறகு புஷ்பராணி பக்கம் திரும்பி வேகமாகக் கதைக்கத் தொடங்கினார். அவளுக்குப் பாதி விளங்கவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்ல அன்று அவளுக்குத் துணிவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லுங்கள் என்றாள்.

அவர் நிறுத்தி, மெதுவாகச் சொன்னார். நேற்று இந்தத் துடிப்பு இல்லை. நான் நினைத்தது பிழையாக இருக்கலாம். நாளைக்கும் மெஷின் வைக்கலாம், இன்றே வைக்கவேண்டும் என்று இனிச் சொல்லமாட்டேன். ஆனால் நேற்று நடந்தது இன்றும் நடக்கலாம்.

கடைசி வசனம் உட்பட எல்லாவற்றையும் அவள் கணவனுக்குச் சொன்னாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"இந்தமுறை நீர் சொல்லும்."

அவள் திரையில் ஒரு அடி தவறி அடுத்தது வரும்வரை பார்த்தாள்.

"இன்னும் ஒரு நாள் பாப்பம்" என்றாள்.

அடுத்த நாள் தவறிய அடிகள் குறைந்தன. அதற்கடுத்த நாட்களில் நின்றன. வயரைக் கழற்றினார்கள். கையில் பொருத்திய மெல்லிய குழாயோடு வீட்டுக்கு அனுப்பினார்கள், மீதி மருந்தை ஒரு தாதி வீட்டுக்கு வந்து ஏற்றினாள். அது முடியும் தறுவாயில்தான் வினிப்பெக்கிலிருந்து முடிவு வந்தது. லைம்தான். வின்சன்டே தொலைபேசியில் கூப்பிட்டு, யாரும் சொல்லாமலே மெதுவான பிரெஞ்சில் அதை அவளுக்குச் சொன்னார்.

ஒக்டோபரில் உருத்திரமூர்த்தி வேலைக்குத் திரும்பினார். அன்று மத்தியானம் புஷ்பராணி கார்டரியிலிருந்து அவருக்குத் தொலைபேசி எடுத்தாள். பின்னால் இரும்பு அறுக்கும் சத்தம் கேட்டது.

"சாப்பிட்டுக்கொண்டு நிக்கிறன். பேந்து எடுக்கிறன்" என்றார் அவர்.

அவள் வைத்துவிட்டு, சூப்புக்காகக் காத்திருந்த பிள்ளைகளின் மேசைக்குப் போனாள்.