ஈரம் பார்க்கும் பெட்டிக்கு விலை

வல்லத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கி விற்கும் வியாபாரி ஒருவர் என்னிடம் ஒரு பெட்டி கேட்டார். மூட்டைக்குள் கம்பியைச் செருகினால் உள்ளே ஈரம் எவ்வளவு என்று எண்ணாகக் காட்ட வேண்டும். அவரிடம் இருந்த மீட்டருக்குத் தோலை உரித்துப் பருப்பைப் போட வேண்டும். அவருக்கோ மூட்டையைப் பிரிக்காமலே தெரிய வேண்டும்.

டிப்ளமோ முடித்துவிட்டு, செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்ன அறை ஒன்றில் இன்வெர்ட்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாக ஒன்றைச் செய்து தரச் சொல்லி வந்த முதல் ஆள் இவர்தான். இந்த வேலையை விட்டுவிடவும் கூடாது, கைக்காசு போட்டு முடிக்கவும் என்னால் ஆகாது.

"எவ்ளோ ஆவும் தம்பி?"

எங்கள் வீட்டில் விலை என்றால் கூலிதான். நைனா வேலைக்குப் போன நாளுக்குக் கூலி, போகாத நாளுக்கு இல்லை. நானும் அப்படியே சாமான் விலையோடு நான்கு நாள் கூலியைச் சேர்த்து, "ஆறாயிரம்ணா" என்றேன்.

"சரி, செய்."

பேரமே பேசவில்லை. அதுதான் உறுத்தியது. சர்க்யூட் போர்டைப் பற்றவைத்துப் பெட்டிக்குள் பூட்டத்தான் நான்கு நாள். எந்தக் கம்பி ஈரத்தைச் சரியாகச் சொல்லும் என்று தேட எத்தனை நாள்? கை சும்மா இருக்க, தலை மட்டும் ஓடுகிற நாளுக்குக் கூலி உண்டா?

சோதனைக்கு மூட்டை கேட்டு மறுபடி போனபோது, அவர் கிடங்குக்குப் பின்னால் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"தண்ணி வரலன்னா இன்னா பண்ணுவீங்கணா?"

"அடிக்கு இவ்ளோன்னு பேச்சு. வந்தாலும் வராங்காட்டியும் குடுத்துதான் ஆவணும்."

"பாறை வந்துட்டா?"

"சுத்தி பாறை மலையா கெடக்குற செஞ்சியில இருந்துக்கினு பாறை வந்துட்டான்னு கேக்குற பாரு!"

தைரியம் வந்தது. "அண்ணா, அன்னைக்கு சொன்ன ஆறாயிரம் தப்பு. என் வேலையும் இதுமாதிரிதான். உள்ள இன்னா இருக்குதுன்னு தோண்டுனாதான் தெரியும்."

அவர் சிரித்துவிட்டார். "போர்ல தண்ணி வராட்டியும் குழி எனக்கு மிஞ்சும். நாளைக்கு இன்னும் ஆழமா போடலாம். உன் பொட்டி ஓடலன்னா எனக்கு இன்னா மிஞ்சும்?"

செஞ்சிக்குத் திரும்பும் பஸ்ஸில் அதையேதான் யோசித்தேன். என் வேலையில் குழி எது? அறைக்கு வந்து மேசையைப் பார்த்தபோது விளங்கியது: என் நோட்டு. எந்தக் கம்பியைப் போட்டேன், என்ன எண் வந்தது, ஏன் சரிவரவில்லை என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அதை யாருக்கும் காட்டக் கூடாது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மறுநாள் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். முதலில் கம்பி தேடுவது, அடுத்து போர்டு, கடைசியில் பெட்டி. மூன்றுக்கும் தனித்தனி விலை. ஒவ்வொரு கட்டத்திலும் எழுத எழுத நோட்டின் நகல் அவருக்கு. பிடிக்காவிட்டால் அந்தக் கட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

"நோட்ட வாங்கி வேற ஒருத்தன்கிட்ட குடுத்துட்டன்னா?"

"குடுங்க. துட்டு குடுத்து வாங்கனது தானே?"

அவர் முதல் கட்டத்துக்கான பணத்தை எடுத்து வைத்தார்.

பத்து நாள் கழித்து நோட்டின் முதல் பக்க நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாய்விட்டுப் படித்தார்: "இரும்புக் கம்பி. காய்ந்த மூட்டைக்கும் நனைந்த மூட்டைக்கும் ஒரே எண். ஆகாது."

"ஆவாதுன்னு எழுதனதுக்கா துட்டு குடுத்தேன்?"

"ஆமாங்ணா."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சரி, அடுத்த கம்பி எது?"