புள்ளிமானை லாரியில் ஏற்றியவர்

தண்டையார்பேட்டை சௌக்கத் அலிக்கு வயது ஐம்பத்திரண்டு. லாரி ஓட்டத் தொடங்கி முப்பது வருடம். இந்த ஜனவரி வரை அவர்மேல் ஒரு வழக்கும் இல்லை.

எண்ணூர் துறைமுகத்தில் இறங்கும் இயந்திரங்களை இமயமலை அடிவாரத்துத் தொழிற்சாலை ஒன்றுக்குக் கொண்டுபோவார். வழியில் ஒரு தேசியப் பூங்கா. அதன் ஓரமாகப் போகும்போதெல்லாம் மனைவி சபீஹாவின் போனில் அவர் குரல்பதிவு வந்து விழும்.

"சபீ, சாலமரம் ஒவ்வொண்ணும் ஹார்பர் கிரேன் உசரம் கீது. ஆத்துல ஒரு முதல, மூக்கு நாயனம் கணக்கா நீட்டு. இருவாச்சி பறந்தா ரயிலு பிரேக் வுடற சத்தம்!"

கும்மிடிப்பூண்டியைத் தாண்டாத சபீஹா அந்தக் காட்டைக் காதால்தான் பார்த்திருக்கிறாள்.

ஜனவரியில் ஒரு நாள், காலைப் பனியில் ஒரு புள்ளிமான் லாரியில் அடிபட்டது. பதறிப்போய்க் கூப்பிட்டார்.

"உசுரு கீது சபீ. என்னியே பாக்குது."

"வுட்டுட்டு வந்துடாதீங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போங்க."

இதில் யோசிக்க இருவருக்கும் ஒன்றுமில்லை. தண்டையார்பேட்டையில் இடித்தவன்தான் அடிபட்டவரை அள்ளிக்கொண்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தப்பித்து ஓடுகிறவனைத்தான் தெருவே துரத்தும். கேபினில் லுங்கியை விரித்து மானைக் கிடத்தினார். சோதனைச் சாவடியில் கதவைத் திறந்தபோது அது செத்திருந்தது. வேட்டை என்று வழக்குப் போட்டு உள்ளே வைத்தார்கள். 'பாய்' ஆயிற்றே, இந்தி தெரியாமலா இருக்கும் என்று இந்தியிலேயே விசாரித்தார்கள். வழி கேட்கிற அளவு இந்திதான் அவருக்கு வரும். நடந்ததை விளக்குகிற இந்தி வராது.

சபீஹா போனபோது திருவொற்றியூரில் லாரி முதலாளி சுப்புராஜ் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"வண்டியயும்லா புடிச்சு வச்சிருக்கான். மான அங்கனயே போட்டுட்டு வந்திருக்கலாம்லாம்மா?"

"மனுசனா இருந்தா அப்டி சொல்லுவீங்களா அண்ணே?"

"மனுசன்னா கேஸே வேற."

டெல்லியில் தையல் வேலை பார்த்து இந்தி கற்ற சபீஹாவின் தம்பி அப்சல்தான் வக்கீலிடம் பேசுகிறான்.

"ரோட்டுலயே வுட்டுட்டுத் தகவல் சொல்லியிருந்தா விபத்தாம். வண்டில ஏத்தினதுதான் பேஜாரு, அக்கா."

"ஏத்தச் சொன்னது நான்னு சொல்லேன்டா."

"சொன்னேன். நீயும் சேந்து உள்ள போறியான்னு கேக்கறாரு."

சபீஹா போனை நீட்டினாள். "அவரு அந்தக் காட்ட எப்டி ரசிச்சாருன்னு இதுல அல்லாம் கீது. கோர்ட்டுல போட்டுக் காட்டச் சொல்லு."

"அதயும் கேட்டேன். ட்ரிப்புக்கு ட்ரிப்பு மிருகத்த நோட்டம் வுட்டான்னு திருப்பிடுவாங்களாம். அழிச்சிடச் சொல்றாரு."

முதல் ஜாமீன் மனு தள்ளுபடியாகிவிட்டது. அடுத்த மனு வியாழக்கிழமை வருகிறது. சபீஹாவையும் அவள் போனையும் இங்கேயே விட்டுவிட்டு அப்சல் மட்டும் போகிறான்.