கஞ்சிப் பாவும் கருமேகமும்

அறுபதுகளில் அருப்புக்கோட்டையே மழைக்கு ஏங்கிக் கிடந்த ஒரு நாள், மழை வந்துவிடக் கூடாதே என்று சாமியைக் கும்பிட்ட ஒரே ஆள் நான்தான். தறியில் நெடுக்கு இழையாக ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் காயவைத்திருந்தோம். தெற்கே கருத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் கஞ்சி கரைந்து, அந்த மாதத் தறி வேலையே போய்விடும்.

எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. "கல்யாண வீட்டுப் பந்தலைக் கேப்பமா? தார்ப்பாய் கட்டுவமா? வரிசையா ஆளை நிறுத்திக் குடை பிடிக்கச் சொல்லுவமா?" என்று இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடினேன்.

வீட்டில் தெலுங்கு பேசும் என் மனைவி, வழியில் போகிறவர்களுக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே கத்தினாள்: "இங்க நிக்கிறது நீங்களும் நானும். நாம ரெண்டு பேரா தெருவுக்கே குடை பிடிக்கப்போறோம்? பாவைச் சுத்துங்க!"

சுற்றினோம். மேகம் எங்களைப் பார்த்துவிட்டுக் காரியாபட்டிப் பக்கம் போய்விட்டது. ஈரத்தோடு சுற்றிய நூல், இழையோடு இழை ஒட்டிக்கொண்டது.

"மழைக்குத் தப்ப ஒரே வழிதான் இருந்துச்சு, அதுக்கு நீங்க மூணு யோசனை சொன்னீங்க. இதைப் பிரிக்கப் பல வழி வேணும். இப்ப அவுத்துவிடுங்க உங்க யோசனையை" என்றாள்.

யோசித்தேன், யோசித்தேன். மறுபடியும் குடைதான் வந்தது.