ஒட்டச் சொன்னது நான்தான்

நான் அதிகம் பேசாதவன். கோயம்புத்தூரில் பத்தாவது முடித்து லேத் பட்டறையில் சேர்ந்த நாளிலிருந்து மெஷின் சத்தத்துக்கு நடுவேதான் இருந்திருக்கிறேன். அங்கே பேசாமல் இருப்பதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. நியூசிலாந்தில் ஆக்லாந்துக்கு வந்த பிறகும் அதே பிழைப்புதான். பென்ரோஸில் ஒரு சின்னப் பட்டறை. படகு எஞ்சினுக்கான பாகங்கள், பால் பண்ணைக் குழாய்களுக்கான இணைப்புகள் என்று வேலை வரும். முதலாளிக்குத் துப்பாக்கி வேலைக்கும் லைசென்ஸ் இருந்ததால் எப்போதாவது துப்பாக்கிகளும் வரும். அவற்றைப் பின்னால் இருக்கும் இரும்பு அலமாரியில் பூட்டி வைப்பார். அவர் கட்டடத்துக்குள் இருந்தால் மட்டும்தான் நாங்கள் அவற்றைத் தொடலாம்.

இரும்பைச் சீவும் மில்லிங் மெஷினில் நான். வெல்டிங்கில் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடம் ஆனவர். என் கோவைப் பேச்சைக் கேட்டாலே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"தம்பி, நீங்கள் எல்லாத்துக்கும் 'ங்க' போடுறீங்கள். மெஷினுக்கும் போடுறனீங்களோ?"

"மெஷின் திட்டாதுங்கண்ணா. அதனால போடறதில்லைங்க."

அவருக்கு அது போதும். நாள் முழுக்க அதையே சொல்லிச் சிரிப்பார்.

ஒரு குளிர்காலத்தில் வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் ஒரு துப்பாக்கியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். அவருடைய மகனின் வேட்டைத் துப்பாக்கி. மகன் முந்தைய வருடம் புற்றுநோயில் இறந்துவிட்டான். பெரியவர் வேட்டைக்குப் போகிறவர் அல்ல. கிளப்பில் தரையில் படுத்துக்கொண்டு காகிதக் குறியை நோக்கிச் சுடுகிறவர். ஒரு தோட்டாவைக் கையால் வைப்பார், சுடுவார், மூச்சு விடுவார், அடுத்ததை எடுப்பார். மகனின் துப்பாக்கியையும் இனி அப்படியே பயன்படுத்த ஆசைப்பட்டார்.

வேட்டைத் துப்பாக்கியில் அடிப்பக்கம் ஒரு திறப்பு இருக்கும். மேகஸினில் இருக்கும் தோட்டாக்கள் அதன் வழியாகத்தான் ஒவ்வொன்றாக மேலே ஏறும். அந்தத் திறப்பில் எஃகுக் கட்டை ஒன்றைப் பொருத்தி அடைத்துவிட்டால் அடிப்பாகம் ஒரே திடமாக ஆகிவிடும், சுடும்போது வளையாது. அதன் பிறகு அது ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி. கட்டையைச் செய்யும் வேலை எனக்கு வந்தது.

பெரியவர் ஒரு நிபந்தனை வைத்தார். கட்டையைப் பசை போட்டுத்தான் பொருத்த வேண்டும். அந்தப் பசை இலேசான சூட்டுக்கே விட்டுவிடும். பேத்திக்குப் பன்னிரண்டு வயது. பெரியவளான பிறகு அவள் வேட்டைக்குப் போக விரும்பினால், கட்டையைக் கழற்றி எடுத்துவிட்டு, அவள் அப்பா வைத்திருந்தபடியே அவளிடம் கொடுக்க வேண்டும். இதை அவர் முதலாளியிடம் இரண்டு முறை சொன்னார். பிறகு என் மெஷினுக்கு அருகில் வந்து என்னிடமும் ஒரு முறை சொன்னார்.

முதல் கட்டை ஒரு மயிரிழை சிறிதாகிவிட்டது. தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று செய்தேன். அது வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது. விரலால் தடவினால் எங்கே அடிப்பாகம் முடிகிறது, எங்கே கட்டை தொடங்குகிறது என்று தெரியாது. இந்த நாட்டில் நான் செய்த வேலைகளில் அதுதான் நல்ல வேலை.

அன்று வெள்ளிக்கிழமை. சாயந்திரத்துக்குள் பசை போட்டு வை, திங்கள்வரை இறுகட்டும் என்று முதலாளி என்னிடம் சொல்லிவிட்டு, கண்ணாடி அறைக்குள் வாடிக்கையாளர் ஒருவரோடு உட்கார்ந்துவிட்டார். இரண்டரை மணிக்கு மகளின் பள்ளியிலிருந்து போன். அவளுக்குக் காய்ச்சல், வந்து அழைத்துப் போங்கள் என்றார்கள். மனைவி முதியோர் இல்லத்தில் வேலையில் இருந்தாள். பாதியில் வர முடியாது. பள்ளி இருக்கும் மவுண்ட் ஆல்பர்ட்டுக்கு நான்தான் போக வேண்டும். அந்த வாரம் ஏற்கெனவே ஒரு நாள் முதலாளியிடம் கேட்டுச் சீக்கிரம் போயிருந்தேன். ஆள் இருக்கும்போது கதவைத் தட்டி மறுபடியும் கேட்க வாய் வரவில்லை. கிளம்புகிறேன் என்று கண்ணாடி வழியாகக் கையால் சைகை காட்டினேன். அவரும் தலையசைத்தார். பசை வேலை முடியவில்லை என்பதைச் சொல்லவில்லை.

அண்ணனிடம் போனேன்.

"அண்ணா, இதை மட்டும் ஒட்டிடுங்க. பாஸ் இன்னைக்கே ஒட்டச் சொன்னாருங்க. பாப்பாவுக்குக் காய்ச்சலாம்."

"ஓம் தம்பி, நான் ஒட்டிவிடுறன். நீங்கள் வெளிக்கிடுங்கோ." கட்டையைத் திருப்பிப் பார்த்தார். "சுத்தி வர ஒட்டுறதோ, இல்லாட்டிப் பொட்டுப் பொட்டா வைச்சா காணுமோ?"

"சுத்தியும் ஒட்டிடுங்கண்ணா. கெட்டியா நிக்கணுமுங்க."

"ஆடாது. பிள்ளையைப் பாருங்கோ."

பசைக் குழாய்கள் முதலாளியின் அலமாரியில் இருந்தன. அவற்றை எடுத்து மேசையில் வைக்க வேண்டும் என்று காரில் போகும்போதுதான் நினைவு வந்தது. அவரே கேட்டு வாங்கிக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் முதலாளி துப்பாக்கி அலமாரியைத் திறந்து, வெள்ளிக்கிழமை சுற்றியபடியே பூட்டி வைத்திருந்த துண்டைப் பிரித்தார். அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டார். நான் போய்ப் பார்த்தேன். கட்டையைச் சுற்றிலும் வெல்டிங். சீரான, அழகான வெல்டிங். அதன் இரு பக்கமும் எஃகு நீலமாகக் கறுத்திருந்தது. தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டை முதலாளி தள்ளிப் பார்த்தார். பாதி தூரம் போய் நின்றுவிட்டது. சூட்டில் அடிப்பாகம் வளைந்திருந்தது. இரும்பின் பதமும் போயிருக்கும், இனி இதில் ஒரு தோட்டா கூட வைக்கக் கூடாது என்றார்.

யார் இதைச் செய்தது என்று கேட்டார். நான்தான் என்றார் அண்ணன். யார் செய்யச் சொன்னது என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. என்ன நடந்தது என்று அவருக்கும் அப்போதுதான் புரிந்துகொண்டிருந்தது.

என் வேலை விசா அந்த முதலாளியோடு கட்டப்பட்டிருந்தது. நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு நானும் மனைவியும் மகளும் காத்திருந்தோம். நான் தரையைப் பார்த்தேன்.

வெல்டிங்தான் செய்ய வேண்டும் என்று தானாகவே நினைத்துவிட்டதாக அண்ணன் சொன்னார்.

மதியம் பெரியவர் வந்தார். முதலாளி நடந்ததைச் சொன்னார். பெரியவர் போல்ட்டை மூன்று முறை தள்ளிப் பார்த்தார். சூடுபடுத்தினால் கட்டை வந்துவிடும் அல்லவா என்று கேட்டார். வராது என்றார் முதலாளி. வேறு துப்பாக்கி வாங்கித் தருவதாகவும் சொன்னார். பெரியவர் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, அதே துண்டில் அதைச் சுற்றினார். போகும்போது என் பக்கம் திரும்பி, நீ செய்த பொருத்தம் மிக நன்றாக இருந்தது, உன் மேல் தவறில்லை என்றார். நான் தலையை ஆட்டினேன். எங்கள் ஊர்த் தலையாட்டல். அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ தெரியாது.

இரண்டு மாதத்தில் அண்ணன் வேறு பட்டறைக்குப் போய்விட்டார். யாரும் அவரை அனுப்பவில்லை. ஆனால் அதற்குப் பிறகு முதலாளி அவரிடம் எந்த வேலையைக் கொடுத்தாலும் மூன்று முறை விளக்கிச் சொல்ல ஆரம்பித்திருந்தார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. கடைசி நாளில் அண்ணன் என்னிடம் கை கொடுத்துவிட்டுப் போனார். அப்போதும் நான் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் எங்களுக்கு ரெசிடென்ஸ் வந்தது. அதற்குச் சில வாரங்கள் கழித்து, த்ரீ கிங்ஸ் பகுதியில் ஒரு கடையில் காய்கறி வாங்கும்போது அவரைப் பார்த்தேன். அவர்தான் முதலில் கூப்பிட்டார்.

"என்ன தம்பி, மெஷினுக்கு 'ங்க' போடத் தொடங்கிட்டீங்களோ?"

என்னால் சிரிக்க முடியவில்லை. "அண்ணா, அன்னைக்கு நான் பசையைத்தானுங்க சொன்னேன்."

"தெரியும். நாங்கள் வெல்டிங்கையும் ஒட்டுறது எண்டுதான் சொல்லுறது. நீங்கள் என்னெண்டு சொல்லுறனீங்கள்?"

"பத்த வைக்கிறதுன்னு சொல்லுவோமுங்க."

"பத்த வைக்கிறதோ! அப்பிடிச் சொல்லியிருந்தா நான் பட்டறையையே கொளுத்தியிருப்பன்." வெங்காயக் கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நீங்க ஏனுங்கண்ணா அப்ப சொல்லலை?"

"உங்கட விசா அவரின்ர கையில. என்ர பாஸ்போட் என்ர கையில. வேறென்ன?" வெங்காயத்தைப் பையில் போட்டார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "ஆனா தம்பி, எனக்கு எண்டாலும் ஒருக்காச் சொல்லியிருக்கலாம். வெளியில, கார் விடுற இடத்தில வைச்செண்டாலும்."

"தப்புத்தானுங்க."

"அந்த மனிசனுக்கு ஆரும் சொன்னதோ?"

"இல்லைங்க."

"அப்ப அவர் இன்னும், சொன்னது விளங்காத ஒருத்தன் தன்ர மகன்ர சாமானைப் பழுதாக்கினவன் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறார், என்ன?"

அடுத்த திங்கட்கிழமை முதலாளியின் கதவைத் தட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த பேனாவைப் பார்த்தபடியே கேட்டார். பிறகு ஒரு தாளில் பெரியவரின் எண்ணை எழுதிக் கொடுத்தார். 

காரில் உட்கார்ந்து போன் செய்தேன். என் ஆங்கிலத்தில் சொல்ல வெகுநேரம் பிடித்தது. பசை போடுவதற்கும் வெல்டிங் செய்வதற்கும் எங்கள் மொழியில் ஒரே சொல் என்றேன். என் ஊரில் அதற்குப் பசை என்று பொருள், வெல்டிங் செய்தவரின் ஊரில் வெல்டிங்கும் அதுதான் என்றேன். அந்த வேலையை என்னிடம்தான் கொடுத்திருந்தார்கள் என்றும் சொன்னேன். அது என்ன சொல் என்று பெரியவர் கேட்டார். சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். "ஒட்டு" என்று அவரும் மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாளாம். துண்டைப் பிரித்து எடுத்து போல்ட்டைத் தள்ளிப் பார்த்தாளாம். ஏன் இது பாதியில் நிற்கிறது என்று கேட்டாளாம். அவளுக்கு என்ன பதில் சொன்னார் என்று அவர் சொல்லவில்லை. 

வெல்டிங் செய்தவரைப் பார்த்தால், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்லிவிடு என்றார். சொல்கிறேன் என்றேன். போனை வைத்துவிட்டார்.

உடனே அண்ணனைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். 

"உங்களுக்கு என்ன சொன்னவர், தம்பி?"

"ஒண்ணும் சொல்லலைங்க" என்றேன்.