முதுகுத் துளை

அந்தச் சிற்பக்காரிக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. பால் பொங்குமுன் அடுப்பை அணைத்துவிட்டு, காபி ஏன் சுடவில்லை என்று கேட்கிற ஆள். மண்ணைத் தொட்டால் மட்டும் வேறு பிறவி. மண்ணைக் கயிறு கயிறாக உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, ஒரு நாளைக்கு ஒரு சாண்தான் ஏற்றுவாள். அடி இறுகாமல் மேலே ஏற்றினால் எல்லாம் சரிந்துவிடும். இப்படி எழும்பியவை அத்தனையும் முகமில்லாத பெண்கள். உள்ளே வெறும் கூடு, மேலே நெருக்கமாக அவள் நகக் கீறல்கள். வழவழப்பு அவளுக்கு ஆகவே ஆகாது.

கணவர் குழாய் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். ஊரார் வீட்டு ஒழுகலை எல்லாம் தேடிக் கண்டுபிடித்த மனிதருக்கு, சொந்த வீட்டுப் பின்னறையில் இருபது வருஷமாக நின்ற பெண்கள் கண்ணில் படவில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்பார், செய்தித்தாளிலிருந்து தலையெடுக்காமல். பாராட்டக்கூட வேண்டாம், ஒரு தடவை நின்று பார்த்தால் போதும் என்று அவள் ஏங்கினாள். வாய்விட்டுக் கேட்க ரோஷம் விடவில்லை.

இந்த முறை இடுப்புயரப் பெண். மூன்று மாத வேலை, கண்காட்சிக்குப் போக வேண்டியது. முதுகில் விரல் நுழையுமளவு துளை விட்டிருந்தாள். சூடேறும்போது உள்ளிருக்கும் காற்றும் ஈரமும் வெளியேற அதுதான் வழி. சூளையில் வைக்குமுன் துளையைத் தடவிப் பார்ப்பது வழக்கம். அன்று தூக்க வந்தவர்கள் அவசரப்படுத்த, இவளும் சேர்ந்துகொண்டாள். மத்தியானம் சூளைக்குள் 'டமார்' என்றது.

மறுநாள் ஆறியபின் திறந்தால், சுக்கு நூறு. முதுகுத் துண்டு ஒன்றில், துளை இருக்க வேண்டிய இடம் மண் பூசி அடைபட்டிருந்தது.

"நீங்களா அடைச்சீங்க?"

"நீ கவனிக்காம விட்டுட்டேன்னு நினைச்சேம்மா. ஓட்டையோட எப்படி அனுப்புறது?"

"ஒழுகறதுக்கு அது என்ன தண்ணித் தொட்டியா?"

இன்னும் நாலு வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. துண்டைத் திருப்பிப் பார்த்தவள் நிறுத்திக்கொண்டாள். அடைத்த இடத்திலும் கீறல்கள் இருந்தன. எது அவளுடையது, எது அவருடையது என்று பிரிக்க முடியவில்லை.

"இதை எப்படிப் போட்டீங்க?"

"என் நகம் தடிமன். தீக்குச்சிய சீவிக்கிட்டேன். உன் கீறலெல்லாம் இடுப்பு வரைக்கும் வலது பக்கம் சாயுது, அதுக்குக் கீழ இடது பக்கம் திரும்புது. அது பிடிபடவே ஒரு மத்தியானம் ஆச்சு. ரெண்டு தடவை அழிச்சேன்."

செய்தவளுக்கே அது தெரியாது. பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது.

"அழாதம்மா, ஒட்டிடலாம், ஒட்டிடலாம்" என்று பதறியபடி அவர் முழங்கால் போட்டுத் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.