செய்யூரில் நான் எழுந்திருக்கவில்லை

எட்டு வயது வரைக்கும் நான் பார்த்த உத்தியோகம் செத்துப்போவது. ஊர் ஊராகப் போய்ச் சபைகளில் கிறிஸ்தவ நாடகம் போடுகிற குடும்பம் எங்களுடையது. அப்பா இயேசு, அம்மா இறந்துபோன சிறுமியின் தாய், நான் அந்தச் சிறுமி. அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டு அழுவாள். அப்பா வந்து கையைப் பிடித்து "எழுந்திரு" என்பார். நான் எழுந்துகொள்வேன், சனங்கள் அல்லேலூயா சொல்வார்கள். பிறகு இயேசுவே அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு வேனை ஓட்டுவார்.

அச்சரப்பாக்கத்திலிருந்து மாமல்லபுரத்துக் குப்பங்கள் வரை எந்த ஊரிலும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தங்கியதில்லை. கிளம்பும்போது சபைக்காரர்கள் வேனைச் சுற்றி நின்று ஜெபம் பண்ணுவார்கள். வேர்க்கடலையோ கருவாடோ ஒரு பை ஏற்றிவிடுவார்கள். பெண்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு கண் கலங்குவார்கள். எனக்கு அது விளங்கவே விளங்காது. அப்பாவும் அம்மாவும் முன்சீட்டில் ஏறிவிட்டால் என் ஊர் முழுசும் வண்டிக்குள் வந்துவிட்ட மாதிரிதான். அப்புறம் எதற்கு அழுகை?

அந்த வருஷம் என் கால்கள் அம்மாவின் மடியைத் தாண்டி ரொம்பவே நீண்டுவிட்டன. ஒழுங்காக ஒரு பள்ளிக்கூடத்துக்கும் போயாக வேண்டும். அணுபுரத்தில் அத்தை வீட்டில் என்னை விடுவதாகப் பேசி முடித்துவிட்டார்கள். செய்யூர் சபையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னுடைய கடைசி நாடகம். முடிந்ததும் நேராக அத்தை வீடு. அங்கிருந்து அவர்கள் மட்டும் அடுத்த ஊருக்குப் போவார்கள்.

நான் அடம்பிடிக்கவில்லை, சண்டை போடவில்லை. மடியில் செத்துக் கிடந்தபடியே யோசித்தேன். நான் எழுந்தால் நாடகம் முடியும், நாடகம் முடிந்தால் வேன் கிளம்பும். அதனால் எழுந்திருக்கக் கூடாது.

அப்பா கையைப் பிடித்து "எழுந்திரு" என்றார். அசையாமல் கிடந்தேன். குரலை உயர்த்தி இன்னொரு தரம் சொன்னார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். முன்வரிசையில் ஒரு பெண், "இன்னாம்மா இது, பொண்ணு எய்ந்துக்கவே காணோம்?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டது காதில் விழுந்தது. என் கன்னத்தில் சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்தது. அழுகைக் காட்சிக்காக அம்மா கண்ணுக்குக் கீழே தலைவலித் தைலம் தடவிக்கொள்வது வழக்கம். இன்றைக்குக் கொஞ்சம் தாராளமாகத் தடவிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா முழங்கால் போட்டுக் குனிந்தார். ஒட்டுத்தாடி காதில் குத்தியது. கிள்ளப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். மேடைக் குரலை விட்டுவிட்டு வீட்டில் பேசுகிற குரலில், "இன்னும் கொஞ்ச நேரம் படுத்துகினு இரு கண்ணு. நான் இங்கதான் கீறேன்," என்றார். சொன்னபடியே கையை விடாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

திட்டு விழும் என்றுதான் நான் தயாராக இருந்தேன். இதற்குத் தயாராக இல்லை. எழுந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். சனங்கள் அதையும் நாடகம் என்று எண்ணி விடாமல் கைதட்டினார்கள்.

அணுபுரம் போகிற வழியெல்லாம் அப்பாவிடம் பேசவில்லை. அதட்டியிருந்தால் நான் அசைந்தே இருக்க மாட்டேன், நைசாகப் பேசி ஏமாற்றி எழுப்பிவிட்டார் என்று அவ்வளவு கோபம். எழுப்புவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை, நான் எழுந்திருக்காமலே இருந்தால் தேவலை என்று அவருக்கும் இருந்திருக்கிறது என்பது அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.