ஒரு கிண்ணம் சோற்றுக்கு ஒரு பூச்சாண்டி

சௌந்திரம் சோறு ஊட்டுவதில் பரமத்தி வேலூர்ப் பக்கம் பேர் வாங்கியவள். எப்பேர்ப்பட்ட அடம்பிடிக்கிற பிள்ளையானாலும் அவள் கிண்ணத்தோடு உட்கார்ந்துவிட்டால் அடிச்சோறு வரைக்கும் உள்ளே போய்விடும். பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் பிள்ளையை இடுப்பில் தூக்கி வந்து, "அக்கா, இதுக்கும் ரெண்டு வாய் ஊட்டி உடுங்க" என்று நிற்பார்கள்.

அந்த வித்தையின் ரகசியம் நசுருல்லா பாய். பாய்க்கு மட்டும் அது தெரியாது.

பாய் வேலூரில் பழஞ்சாக்கு வியாபாரி. தோட்டம் தோட்டமாகச் சைக்கிளில் போய் யூரியாச் சாக்கு, தவிட்டுச் சாக்கெல்லாம் வாங்கி வந்து, கிழிசலைக் கோணி ஊசியால் தைத்து விற்பார். இளைப்புக்காரர். மேடு வந்தால் சைக்கிளை மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டுதான் வருவார். இந்த அப்பிராணியைத்தான் சௌந்திரம் தன் ஐந்து வயது மகள் வசந்தாமணிக்கு வாய்க்கு வாய் ராட்சசனாக வளர்த்திருந்தாள். முதல் வாய்க்குப் பாய் வேலூரை விட்டுக் கிளம்புவார். மூன்றாம் வாய்க்குக் கிணற்றடிக்கு வந்துவிடுவார். ஐந்தாம் வாய்க்குச் சாக்கை உதறுவார்.

"சோறு உங்காத புள்ளையக் கையக் கட்டி, காலக் கட்டி, சாக்குல போட்டுத் தச்சிருவாரு சாமி. பாய்மாருக்கெல்லாம் அதுதான் வேலை. வாயத் தொற."

அந்தக் கடைசி வரி அவளாகக் கண்டுபிடித்தது இல்லை. சின்னதில் அவளுக்கு ஊட்டியவர்கள் சோற்றோடு சேர்த்து ஊட்டியது. பொய் என்றுகூட அவளுக்குத் தோன்றியதில்லை. சோற்றில் உப்பு மாதிரி அதுபாட்டுக்குக் கிடந்தது.

பாய் நேரில் வந்துவிட்டாலோ அதே சௌந்திரம், "வாங்க பாய், மோர் குடிங்க" என்று செம்பை நீட்டுவாள். வசந்தாமணி கட்டிலுக்கு அடியில் இருப்பாள். "பாப்பாவுக்கு வெக்கமுங்களா?" என்று பாய் ஒரு கடலை மிட்டாயைக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போவார். சௌந்திரம் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பாள்.

எழுபத்தெட்டாம் வருஷம், வேலூரில் ஒரு சந்தை நாள். பழம்புளியைப் புதுப்புளி என்று தலையில் கட்டப் பார்த்தவனோடு சௌந்திரம் மல்லுக்கு நின்ற நேரத்தில், சேலை நுனியைப் பிடித்திருந்த பிள்ளை கையை விட்டுவிட்டது. பலூன்காரன் பின்னாலேயே போய்ப் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டது. நாமக்கல் பஸ் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. அதன் பின்சக்கரத்துக்கு நேராக, பலூனை அண்ணாந்து பார்த்தபடி பிள்ளை நின்றது.

மரத்தடியில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்த பாய் அதைப் பார்த்தார். இளைப்பெல்லாம் எங்கே போனதோ, மடியில் கிடந்த சாக்கும் கையோடு வர, ஒரே ஓட்டமாக ஓடிப் பிள்ளையை வாரித் தூக்கினார்.

வசந்தாமணி திரும்பிப் பார்த்தாள். பாயும் இருந்தார், சாக்கும் இருந்தது. அம்மா சொன்னதில் ஒன்றுகூடக் குறையவில்லை.

"அம்மா! நான் சோறு உங்கறனுங்க! எல்லாச் சோத்தையும் உங்கறனுங்க!"

சந்தையே திரும்பியது. பஸ்ஸை யாரும் பார்க்கவில்லை. "புள்ள புடிக்கறவன்டா!" என்று எவனோ கத்த, நாலு பேர் பாயின் சட்டையைப் பிடித்தார்கள். முதல் அடியும் விழுந்துவிட்டது.

சௌந்திரம் பதறி ஓடிவந்தபோது பிள்ளை கூட்டத்துக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தது: "கையக் கட்டி, காலக் கட்டி, சாக்குல போட்டுத் தச்சிருவாரு. பாய்மாருக்கெல்லாம் அதுதான் வேலை." அதே ராகம், அதே இழுவை. அது சௌந்திரத்தின் குரலேதான்.

பாயின் உதட்டில் ரத்தம். "அம்மணி, நீங்களாச்சும் சொல்லுங்க" என்றார்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் போயிருக்கலாம். வெட்கத்தில் ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தாள். அடுத்த அடிக்கு ஒருவன் கையை ஓங்கியதும் அலறிவிட்டாள்.

"கைய எடுங்க அவரு மேல! அத்தனையும் நான் சொல்லிக்குடுத்ததுங்க. புள்ள சோறு உங்கறதுக்காகச் சொன்ன பொய்யிங்க!"

பஸ் கண்டக்டரும் இறங்கி வந்து நடந்ததைச் சொன்னார். கூட்டம் நெளிந்தது. பாதிப் பேர் பிள்ளை பெற்றவர்கள், அவரவர் வீட்டுக் கிண்ணம் அவரவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கத்திரிக்காய் விசாரிக்கப் போவதுபோல் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

பாய் குனிந்து, அறுந்து விழுந்த பொத்தானைத் தேடி எடுத்தார். "சாக்குல போட்டு நான் எங்கீங்க கொண்டுபோறேன்?"

"ஆத்தத் தாண்டிக் கரூருக்குங்க" என்றாள் சௌந்திரம், தலை நிமிராமல்.

"நான் ஆத்துப் பாலத்தையே தாண்டுனதில்லீங்களே" என்று பாய் சிரிக்கப் பார்த்தார். உதடு வலித்ததால் பாதியில் விட்டுவிட்டார்.

மறுநாள் மத்தியானம் சௌந்திரம் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். பிள்ளைக்குச் சோறு ஊட்டத் தொடங்கிய நாளாக இப்படிப் பூச்சாண்டி இல்லாமல் அவள் உட்கார்ந்ததில்லை. சோற்றை உருட்டி நீட்டிக்கொண்டே, "பாய் ரொம்ப நல்லவரு சாமி. பஸ்ஸுல அடிபடாம உன்னையக் காப்பாத்துனாரு. பாய்மாரு யாரும் புள்ளையப் புடிக்கமாட்டாங்க" என்றாள். இதைச் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது.

வசந்தாமணி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சோற்று உருண்டையைப் பார்த்தாள்.

"இதும் நான் சோறு உங்கறதுக்காகச் சொல்றீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டாள்.